இளகி ஓடும் மலைத்தேன்

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கும் சாலையும், முதுமலைக் காட்டைக் கடந்து மைசூருக்குப் போகும் சாலையும், நிலம்பூர், சுல்தான் பத்தேரி பக்கம் பிரியும் சாலைகளும் கூடலூரில் கூடுகின்றன. சுற்றுலா வண்டிகள் நிற்காமல் போவதில்லை. தேயிலைத்தூள், யூகலிப்டஸ் தைலம், ஏலம், மிளகு என்று அடுக்கியிருக்கும் கடைகளில் தேன் பாட்டில்களும் இருக்கும். அதைக் கையில் எடுப்பவர் முதலில் செய்வது ஒன்றுதான்: பாட்டிலைச் சாய்த்துப் பார்ப்பார். தேன் சட்டென்று ஓடினால், “தண்ணியா இருக்கே, கலந்திருப்பாங்க” என்று திரும்ப வைத்துவிடுவார். பக்கத்தில் மெல்ல, கனத்து நகர்கிற பாட்டில் விலை போகும்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தேன் எப்படி ஓடுகிறது என்பது அதில் எவ்வளவு நீர் இருக்கிறது, அப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த நீரை யார் சேர்த்தார் என்பதை ஓட்டம் சொல்லாது. பூ சேர்த்ததா, மழைக்காற்று சேர்த்ததா, வியாபாரி சேர்த்தாரா என்பதெல்லாம் சாய்த்துப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் உயரமான மரங்களில் ஏறித் தேன் இறக்கும் காட்டுநாயக்கர்கள், குறும்பர்கள் போன்ற பழங்குடி மக்கள். அதனால் இது சமையலறைச் சந்தேகம் என்ற அளவில் விட்டுவிடக்கூடியது அல்ல.

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நம் வீடுகளில் அதிரசத்துக்கோ பொரிவிளங்காய் உருண்டைக்கோ வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாகைத் தொட்டு இரு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்து, ஒரு கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் விரல் அளப்பது பாகில் மிச்சமிருக்கும் நீரைத்தான். அடுப்பில் இன்னும் ஒரு நிமிடம் கூடினால் பதம் மாறிவிடும், ஒரு கை நீர் தெளித்தால் திரும்ப இளகிவிடும். நீர் சற்றே கூடினாலும் குறைந்தாலும் பாகு அவ்வளவு கூர்மையாக மாறும். தேனும் அடுப்பில்லாமல் தேனீ காய்ச்சிய பாகுதான். பூவில் எடுக்கும்போது மதுவில் பெரும்பகுதி நீர். அதைத் தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, சிறகால் விசிறி, நீரில் பெரும்பங்கை ஆவியாக்கிய பிறகே மெழுகால் மூடுகின்றன.

நன்கு முதிர்ந்த தேனில் 100 கிராமுக்கு 17, 18 கிராம் நீர் இருக்கும். கேட்கக் குறைவாகத் தோன்றும். மூலக்கூறுகளாக எண்ணினால் கணக்கு வேறு மாதிரி. நீர் மூலக்கூறு மிக இலேசானது. சர்க்கரை மூலக்கூறு அதைப்போல் பத்து மடங்கு எடையுள்ளது. அதனால் 17 சதவீத நீருள்ள தேனில் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறுக்கும் ஏறக்குறைய இரண்டு நீர் மூலக்கூறுகள் வருகின்றன. ஆனால் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டிலும் நீரையோ பக்கத்துச் சர்க்கரையையோ பற்றிக்கொள்ளக்கூடிய ஹைட்ராக்சில் கைகள் ஐந்தைந்து உள்ளன. ஐந்து கைக்கு இரண்டு நீர். மீதிக் கைகள் பக்கத்துச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு மூலக்கூறு நகர வேண்டுமானால் சுற்றியிருப்பவை எல்லாம் பிடியைத் தளர்த்த வேண்டும். தேன் தயங்கித் தயங்கி ஓடுவதன் காரணம் இந்தப் பிடிதான்.

நீர் சேர்த்தால் அந்தக் கைகளில் சில நீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சர்க்கரையை விடுகின்றன. 20 சதவீதம் ஆனால் ஒரு சர்க்கரைக்கு இரண்டரை நீர். 25 ஆனால் மூன்றுக்கு மேல். நீரும் சர்க்கரையும் பாதிக்குப் பாதி ஆனால் பத்து. நெரிசல் குலைந்து, தேன் ஏறக்குறையச் சர்பத்தாகிவிடும். அப்போது அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் ஏதோ பத்து மடங்கு அளவில்தான் நிற்கும்.

இடைப்பட்ட படிகளைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 1943-இல் மன்றோ என்பவர் வெள்ளைக் குளோவர் தேனை 25 டிகிரி செல்சியஸில் அளந்த எண்களைத் தேனாய்வு நூல்கள் இன்றும் எடுத்தாள்கின்றன. 13.7 சதவீத நீருள்ள தேனின் பாகுநிலை 420 பாய்ஸ். (பாய்ஸ் என்பது பாகுநிலையின் அலகு. அதே வெப்பநிலையில் தண்ணீர் 0.009 பாய்ஸ்தான்.) நீர் 14.2 சதவீதமானால் 269. 17.1 ஆனால் 69. 18.2 ஆனால் 48. 20.2 ஆனால் 20. 21.5 ஆனால் 13.6. நீர் மொத்தம் எட்டு சதவீதப் புள்ளிகூடக் கூடவில்லை, ஓடுவதற்கான தடை முப்பதில் ஒரு பங்காக இறங்கிவிட்டது.

இந்த எண்களை வீட்டுக் கரண்டிக்குக் கொண்டுவருவோம். 18.2 சதவீத நீருள்ள 100 கிராம் தேனை 21.5 சதவீதமாக்க நாலே கால் கிராம் நீர் போதும். ஒரு தேக்கரண்டிகூட முழுதாக வேண்டாம். அந்த நீர் தேனின் பாகுநிலையை மூன்றரை மடங்கு குறைத்துவிடும். இன்னும் வியப்பானது மேல் முனை: 13.7 சதவீதத் தேன் 100 கிராமில் பத்துப் பன்னிரண்டு சொட்டு நீர் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனம் போய்விடுகிறது. தேன் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு ஒவ்வொரு சொட்டும் அதை இளக்கும். ஏற்கெனவே இளகிய தேனில் அதே சொட்டு அவ்வளவாகத் தெரியாது.

வீட்டிலேயே செய்து பார்க்க முடியும். ஒரே அளவுள்ள இரண்டு சிறு கண்ணாடி பாட்டில்களில் ஒரே தேனை ஒரே மட்டத்துக்கு ஊற்றி, கழுத்தில் ஒரே அளவு இடம் விடுங்கள். ஒன்றில் 100 கிராமுக்கு ஒரு சிறு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். விட்ட தண்ணீர் உடனே கலந்துவிடாது. தேனின் அடர்த்தி தண்ணீரைவிட 1.4 மடங்கு, அதனால் நீர் மேலே தனியாக நிற்கும். கரண்டியால் மெல்லத் திருப்பினால், வெயிலில் தார்ச்சாலை மேல் காற்று நெளிவதுபோல் நூல்நூலாகக் கோடுகள் தெரியும். கெட்டித் தேனும் நீர்த்த தேனும் ஒளியை வெவ்வேறு அளவு வளைப்பதால் தெரியும் கோடுகள் அவை. கடைசிக் கோடு மறையும்வரை கலக்க வேண்டும். பிறகு ஓர் இரவு மூடி வைத்தால் கலக்கும்போது புகுந்த நுண்குமிழ்கள் மேலேறிவிடும். காலையில் இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தால், அடியிலிருந்து புறப்படும் காற்றுக் குமிழ் எதில் முதலில் மேலே வந்து சேருகிறது, எத்தனை மடங்கு முந்துகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். குமிழின் வேகம் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இரண்டு நேரங்களின் விகிதம் மன்றோவின் எண்ணுக்குப் பக்கத்தில் வருவதைக் காணலாம்.

நீர் கலந்த பாட்டிலின் அடர்த்தி மட்டும் ஏறக்குறைய மாறியிருக்காது. 1.42 என்பது 1.39 ஆகும், அவ்வளவே. ஓட்டம் மூன்றரை மடங்கு மாற, அடர்த்தி நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் மாறியிருக்கிறது. ஊரெங்கும் சொல்லப்படும் சோதனை ஒன்று உண்டே, டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுத் தேனை விட்டு, நேரே அடியில் போய் உட்கார்ந்தால் சுத்தம், கரைந்து பரவினால் கலப்படம் என்று? 21 சதவீத நீருள்ள அசல் தேனும் மூழ்கும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் மூழ்கும். அந்தச் சோதனையால் தேனைப் பற்றி எதுவும் தெரியவராது.

வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் சாய்த்துப் பார்ப்பதன் மதிப்பு இன்னும் குறைகிறது. 16.1 சதவீத நீருள்ள ஒரு குளோவர் தேன் 13.7 டிகிரியில் 600 பாய்ஸ். அதே தேன், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேராமல், 39.4 டிகிரியில் 21 பாய்ஸ். முதல் எண் கூடலூரின் டிசம்பர் விடியற்காலைக்குப் பொருந்தும், இரண்டாவது சென்னையின் மே மாத மதியத்துக்கு. ஒரே பாட்டில் மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கியதற்கே கிட்டத்தட்ட முப்பது மடங்கு இளகிவிடுகிறது. எட்டு சதவீதம் நீர் கலந்தால் எவ்வளவு இளகுமோ அவ்வளவு. டிசம்பரில் கூடலூரில் “கெட்டியான சுத்தத் தேன்” என்று வாங்கியவர், மே மாதம் வீட்டில் அதை எடுத்து “ஏமாற்றிவிட்டார்கள்” என்று நினைத்தால், அவரை ஏமாற்றியது வெயில்தான்.

இனி கூடலூர்த் தேன் ஏன் இயல்பிலேயே இளகியிருக்கிறது என்ற கேள்வி. இரண்டு காரணம். ஒன்று தேனீ, இன்னொன்று மழை.

நீலகிரிக் காடுகளில் தேன் தரும் முக்கிய இனங்கள் நான்கு. பாறை விளிம்பிலும் பெருமரக் கிளையிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் பெருந்தேனீ, மரப்பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் பொந்துத்தேனீ, புதர்க் குச்சியில் சிறு அடை வைக்கும் கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ. காட்டிலிருந்து அதிக அளவில் இறங்குவது பெருந்தேனீயின் தேன். பொந்துக்குள் வாழும் தேனீ தன் வீட்டுக் காற்றைத் தானே ஆள முடியும், விசிறி உலர்த்தி அறையைக் காய வைக்கும். பெருந்தேனீயின் அடைக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை. தேனீக்களே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து திரைபோல் மூடினாலும், வெளிக்காற்றின் ஈரம் தேனைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். 20-க்கு மேல், சில நேரம் 25 சதவீதத்தை ஒட்டிய நீர் இந்தத் தேனுக்கு இயல்பு.

ஈரக் காற்றில் திறந்திருக்கும் தேன் நீரை உறிஞ்சும், வறண்ட காற்றில் நீரை விடும். ஒவ்வொரு ஈரப்பதத்துக்கும் தேன் வந்து நிற்கும் ஒரு சமநிலை உண்டு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் தேன் 18.3 சதவீத நீரில் நிற்கும். 65-இல் 20.9. 70-இல் 24.2. 80 ஆகிவிட்டால் 33. கூடலூர் மலையின் மேற்குச் சரிவு, தென்மேற்குப் பருவமழையை நேர் முகத்தில் வாங்கும் பக்கம். பக்கத்திலிருக்கும் தேவாலா தமிழ்நாட்டில் அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ஜூன் முதல் அங்கே காற்றே நனைந்திருக்கும். அதே நீலகிரியில், மழை மறைவில் இருக்கும் மசினகுடிப் பக்கம் வறண்ட முள்காடு. ஒரே இனத் தேனீ, ஒரே பருவம் என்றாலும் இரண்டு பக்கத் தேனும் ஒரே பதத்தில் இருக்காது. எந்தப் பக்கத்துத் தேன் என்று தெரியாமல் ஓட்டத்தை வைத்துத் தரம் சொல்வது நியாயமாகாது.

கோடை மழை விழுந்து, காப்பியும் காட்டு மரங்களும் பூத்து ஓய்ந்த பின், பருவமழை பிடிப்பதற்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்களே பெருந்தேன் பருவம். இருட்டில், பச்சிலைப் புகையோடு, கொடிக் கயிற்றிலும் மூங்கில் முளைகளிலும் காலூன்றி ஏறுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வேலை அது. மேகம் கூடிவிட்டால் காத்திருக்க நேரமில்லை, மழைக்கு முன் அடை இறங்கியாக வேண்டும். மூடப்படாத அறைகளில் தேன் இன்னும் முதிராமல் இருக்கலாம், அந்த அறைகள் கூடுமளவுக்கு நீரும் கூடும். தேன் பகுதியை மட்டும் வெட்டி, அடையைக் கசக்காமல் தானாக வடிய விடுவது, ஈரமில்லாத பாத்திரத்தில் பிடிப்பது, உடனே இறுக மூடுவது போன்ற முறைகளைக் 1993-இல் தொடங்கப்பட்டுக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் தேன் எடுப்பவர்களோடு சேர்ந்து வளர்த்து வந்திருக்கின்றன. கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால், அந்த இடத்திலேயே நீரின் சதவீதம் தெரிந்துவிடும். சாய்த்துப் பார்ப்பதற்கு மாற்று இதுதான்.

சட்டத்தின் பக்கம் வருவோம். இந்தியாவில் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் தேனுக்கு 25 சதவீதம் வரை நீர் அனுமதிக்கப்பட்டது. 2018 திருத்தம் அதை 20 ஆக்கியது. நீர் கூடினால் சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட்கள் விழித்துக்கொள்ளும், தேன் நுரைத்துப் புளிக்கும் என்பது அதற்குச் சரியான காரணமே. 17 சதவீதத்துக்குக் கீழே தேன் பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கும், 20-ஐத் தாண்டினால் புளிக்கும் அபாயம் எப்போதும் கூடவே இருக்கும். ஆனால் இதே வரம்பை வைத்திருக்கும் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஸ்காட்லாந்து முதலான நாடுகளின் ஹெதர் பூத் தேனுக்கு மட்டும் 23 சதவீதம் என்று விலக்கு தந்திருக்கிறது. அந்தத் தேனின் இயல்பு அப்படி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மலேசியா 2017-இல் தன் கொசுத்தேனுக்கு, அங்கே கெலுலுட் என்பார்கள், தனித் தரமே வகுத்து 35 சதவீதம் வரை ஏற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருந்தேனுக்கும் அப்படி ஒரு தனி வரி எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம். இல்லாவிட்டால் காட்டுத்தேனைச் சூடாக்கி, வெற்றிடத்தில் நீரை இழுத்து, 20-க்குக் கொண்டுவந்துதான் விற்க முடியும். சூடு சற்று மிஞ்சினாலும் தேனின் நொதிகள் அழியும், மணம் போகும். காட்டின் தேனைக் காடு தந்தபடி விற்க முடியாது என்றால், எந்தத் தேனைப் பாதுகாக்கிறோம்?

கலப்படம் செய்கிறவர்களுக்கு இந்த வரம்பு தடையே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பாகைக் காய்ச்சும்போது எந்தப் பதத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். அரிசியிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பாகை 18 சதவீத நீரில், நல்ல தேனைப்போலவே நிதானமாக ஓடும்படி ஆக்கிவிட முடியும். கரும்பு, மக்காச்சோளப் பாகுகளைக் கார்பன் ஐசோடோப்பை வைத்துப் பிடிக்கலாம், அரிசிப் பாகு அதற்குத் தப்பிவிடும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்த 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை ஐந்தே. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்தது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் நுண்கருவிச் சோதனை. அந்த பாட்டில்களைக் கடையில் சாய்த்துப் பார்த்திருந்தால் கண்ணுக்கு ஒன்றுமே பட்டிருக்காது.

தேன் தன்னைத் தானே நீர்த்துக்கொள்வதும் உண்டு. மலைக்குளிரில் வைத்த தேன் அடியில் வெண்மணலாக உறைவதைப் பார்த்துச் சர்க்கரை கலந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். உறைவது தேனில் இயல்பாக உள்ள குளுக்கோஸ். பளிங்காகும்போது அது நூற்றுக்கு ஒன்பது பங்கு நீரை மட்டும் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. மீதி நீர் முழுவதும் உறையாத பகுதியில் தங்கிவிடும். 18 சதவீத நீருள்ள 100 கிராம் தேனில் 15 கிராம் குளுக்கோஸ் உறைந்தால், மேலே மிஞ்சும் திரவத்தில் நீர் ஏறக்குறைய 20 ஆகிவிடும். வெளியிலிருந்து யாரும் ஒரு சொட்டும் சேர்க்காமல், மேல் அடுக்கின் பாகுநிலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. புளிப்பு முதலில் அங்கேதான் தொடங்கும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து முழுவதும் உருக்கி, அடியோடு கலந்துவிட்டால் நீர் மறுபடி சமமாகப் பரவும்.

நீர் சேர்வதால் தேன் இழப்பது கனத்தை. பெறுவதும் ஒன்று உண்டு. தேனீயின் சுரப்பியிலிருந்து வந்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கெட்டித் தேனில் அனேகமாகத் தூங்கிக் கிடக்கிறது. நீர்த்தவுடன் விழித்து, குளுக்கோஸைச் சிதைத்து, சிறுகச் சிறுக ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. தேனின் கிருமி எதிர்ப்பில் பெரும்பங்கு இந்தப் பெராக்சைடால்தான் என்று ஒயிட்டும் சக ஆய்வாளர்களும் 1963-இல் காட்டினார்கள். புண்ணின் நீர் பட்ட தேன் செயல்படுவது இப்படித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணத் தேனுக்கு. அதை மெல்லக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் பாகுநிலை ஒன்றுதான், நீர் சேர்த்தால் சீராக இறங்கும். சில சிறப்புத் தேன்கள் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. மேலே சொன்ன ஹெதர் தேன் அடைக்குள் அல்வாபோல் இறுகி நிற்கும், பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. கரண்டியால் நன்றாகக் கிளறினால் இளகி ஓடும். விட்டுவிட்டால் மறுபடி இறுகும். இந்தக் குணத்துக்குத் திக்ஸோட்ரோபி என்று பெயர். பிரைஸ் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1930-களில் இதைப் பிரித்து ஆராய்ந்தார். சாதாரணத் தேனில் நூற்றுக்கு 0.2 பங்கு அளவில் இருக்கும் புரதம், ஹெதரில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே இருந்தது. புரதத்தை நீக்கினால் ஹெதர் தேன் மற்றத் தேனைப்போல் ஓடியது. நீக்கிய புரதத்தைக் குளோவர் தேனில் சேர்த்தால் அதுவும் இறுகிக்கொண்டது. சர்க்கரைக்கு நடுவே புரதங்கள் பின்னும் மெல்லிய வலையே காரணம் என்று அதிலிருந்து தெளிவானது.

இப்படிப்பட்ட தேனில் நீர் சேர்க்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. சர்க்கரையின் பிடி வழக்கம்போல் தளர்கிறது. அதோடு புரத வலையின் கண்ணிகள் விலகுகின்றன. ஓர் அளவு வரை வலை தாங்கும், அதனால்தான் மற்றத் தேன் தாராளமாக ஓடும் 23 சதவீத நீரிலும் ஹெதர் இறுகியே இருக்கிறது. மேலும் நீர்த்தால் கண்ணிகள் ஒன்றையொன்று தொட முடியாமல் போய், கிளறினாலும் விட்டாலும் ஒரே மாதிரி ஓடும் சாதாரணப் பாகாகிவிடும். நியூசிலாந்தின் மனுகா தேனும் இந்த வகைதான். ஓட்டத்தை வைத்து நீரைக் கணிப்பது இங்கே முற்றிலும் பொய்த்துவிடும், ரிஃப்ராக்டோமீட்டரை நம்ப வேண்டியதுதான்.

இந்தியாவிலும் இப்படி ஒரு தேன் உண்டு. மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம் பகுதியில் கார்வி என்னும் புதர், ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையே நிறம் மாறப் பூக்கும். அந்தத் தேனின் இறுகி இளகும் குணம் 1950-களிலேயே ஆராயப்பட்டது. நம் உணவுத் தர விதிகள் அதைப் பெயர் சொல்லி, சர்க்கரை அளவில் தனி வரம்பு தருகின்றன. ஒரு தேனின் இயல்பைப் பார்த்து விதியை வளைக்க நம் சட்டத்துக்கும் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.

கார்வி நம் நீலக்குறிஞ்சிக்கு ரொம்பவும் நெருங்கிய சொந்தம், இரண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே பேரினம். குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேரும் மலையைக் குறுந்தொகையின் மூன்றாம் பாடலே பேசுகிறது. 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்த நீலக்குறிஞ்சிக்கு அடுத்த பருவம் 2030. உறவைக் காட்டிக் குறிஞ்சித் தேனும் கார்விபோல் இறுகும் என்று சொல்லிவிட முடியாது. அதை அளந்துதான் சொல்ல வேண்டும், அளப்பதற்குப் பெரிய ஆய்வகமும் வேண்டாம். அடை இறங்கிய அன்றே நீர்ச் சதவீதத்தைக் குறித்துக்கொள்வது, 25 டிகிரியில், பாகுநிலையை அளக்கும் ஒரு சுழல் விஸ்காமீட்டரில் முதலில் அசையாமல் வைத்த தேனையும் பிறகு கிளறிய தேனையும் அளப்பது, இரண்டிரண்டு சதவீதமாக நீர் சேர்த்து ஒவ்வொரு படியிலும் அதையே திரும்பச் செய்வது. கூடலூர், ஊட்டி கல்லூரி மாணவர்களால் முடிகிற வேலை. தேனை இறக்கித் தரப்போகிறவர்களையும் திட்டமிடும் கூட்டத்தில் உட்கார வைத்து, எந்தச் சரிவில், எந்த உயரத்தில், எந்த அடையிலிருந்து எடுப்பது என்று அவர்களைக் கேட்டே இந்தத் திட்டத்தைப் போட வேண்டும். இப்போதே தொடங்கினால் பருவம் வருவதற்குள் கருவிகளைப் பெருந்தேனிலும் கசப்பான நாவல்பூத் தேனிலும் காப்பிப்பூத் தேனிலும் பழகிக்கொள்ள முடியும். மலைத்தேனுக்கென்று தனி வரம்பு கேட்டு விண்ணப்பம் எழுதும்போது அந்த எண்களும் அதோடு சேர்ந்து போகட்டும்.